புதுப் பெட்டிக்கு வந்த டாரன்டுலா கண்ணாடியை விட்டு இறங்க மறுக்கிறது

கேள்வி, ஜூன் 3

என் மெக்சிகோ செம்முழங்கால் டாரன்டுலா சிலந்தியை நான்கு நாள் முன்பு பெரிய பெட்டிக்கு மாற்றினேன். கால் விரித்தால் 12 செ.மீ. இருக்கும். பெட்டி 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். அடியில் 8 செ.மீ. தேங்காய் நார்த்தூள். வந்த நாளிலிருந்து கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சில்வண்டு போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர்க் கிண்ணம் நிறைய மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறது. இதற்குப் புது இடம் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். பழைய டப்பாவுக்கே திருப்பி மாற்றிவிடலாமா?

பதில், ஜூன் 3, இரவு 10.40

மாற்றாதீர்கள். டாரன்டுலா கணக்கில் நான்கு நாள் ஒன்றுமே இல்லை.

பழைய டப்பாவில் அது நடந்த இடமெல்லாம் நூலை இழுத்துக்கொண்டே நடந்திருக்கும். அந்த மண் முழுக்க அதன் நூல் படர்ந்த மண். எட்டுக் கண் இருந்தும் அதற்குப் பார்வை மங்கல்தான். வெளிச்சம், இருட்டு, பக்கத்தில் ஒரு நிழல் அசைவது, ஏறக்குறைய அவ்வளவுதான் தெரியும். மீதி எல்லாம் காலில் இருக்கிறது. கால் நுனி மயிரால் சுவை பார்க்கும், நீண்ட நுண்மயிரால் காற்று அசைவதைப் பிடிக்கும், தரை அதிர்ந்தால் காலாலேயே உணரும். இப்போது நீங்கள் இறக்கிவிட்ட தரையில் அதற்குத் தெரிந்த சுவை எதுவுமே இல்லை. அதனால்தான் கண்ணாடியில் நிற்கிறது.

இன்னொன்று. நார்த்தூள் கட்டியை ஊறவைத்து அப்படியே போட்டீர்களா? ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். நீர் கசிந்தால் காரணம் பாதி அதுதான். செம்முழங்காலுக்கு மேல்மண் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தரையில் கால் வைக்கப் பிடிக்காமல் சுவரேறி நிற்பதை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள்.

சில்வண்டை இன்றே வெளியே எடுங்கள். தின்னாத இரை சுற்றிச் சுற்றி வந்து காலில் இடித்துக்கொண்டே இருந்தால் எந்தச் சிலந்தியும் அடங்காது. கிண்ணத்தில் மண் போடுவது உலகத்து டாரன்டுலாக்கள் அத்தனையும் ஒன்றுகூடி எடுத்த தீர்மானம், அதைக் குறையாக நினைக்காதீர்கள். கழுவி நிரப்பி வையுங்கள். அதன்பின் இரண்டு வாரம் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

ஜூன் 4, காலை 6.15

படுத்த பிறகு உங்கள் அளவுகள்தான் மனதில் ஓடின. 30 உயரப் பெட்டியில் 8 மண் என்றால் மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே 22 செ.மீ. இதைக் கவனிக்காமல் திறக்காதீர்கள் என்று எழுதிவிட்டேன். தவறு. ஒரே ஒரு முறை திறந்து, இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

தரையில் வாழும் இனங்களுக்கு மண்ணிலிருந்து மூடி வரை கால்விரிவில் ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் விடக்கூடாது என்பது வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. உங்களுடையதற்கு 18 வருகிறது. நான்கு செ.மீ. கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அதன் உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது. காலை மடக்க அதற்குத் தசை உண்டு. நீட்டுவதற்கு முக்கியமான மூட்டுகளில் தசையே கிடையாது. உடம்புக்குள் ஓடும் திரவத்தை அழுத்திக் கால்களுக்குள் தள்ளித்தான் நீட்டுகிறது. வயிறோ மெல்லிய தோல்பை. உயரத்திலிருந்து விழுந்து அந்தப் பை கிழிந்தால் திரவம் வெளியேறும், அழுத்தம் இறங்கும், கால்கள் உள்வாங்கி மடங்கும், அதோடு முடிந்தது. நன்றாகத் தின்று வயிறு பருத்த பெண் சிலந்திக்குத்தான் ஆபத்து அதிகம்.

மூடி கம்பிவலையா? அப்படியானால் அதையும் மாற்றுங்கள். கால் நுனியிலுள்ள நகம் வலைக்கண்ணில் மாட்டி, தலைகீழாகத் தொங்கி, காலையே அறுத்துக்கொண்டு விழுந்த சிலந்திகள் உண்டு. துளையிட்ட அக்ரிலிக் பலகை போதும்.

ஜூன் 4, மதியம் 1.20

எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்ணாடியில் நிற்பது இந்த ஒரு வேலைக்கு வசதி. பெட்டியைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள், மேசைமேல் வேண்டாம். அகலமான, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் மெதுவாகக் கவிழ்த்துக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடியுங்கள். விறைப்பான அட்டையைக் கண்ணாடிக்கும் டப்பாவுக்கும் இடையே நுழையுங்கள். கால் நுனி அட்டையின்கீழ் மாட்டாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு விரற்கடைக்கும் நின்று பாருங்கள். தரைக்கு இறங்கி நின்றால் டப்பாவை முன்னால் பிடித்து, ஓவியம் தீட்டும் மென்மையான பிரஷ்ஷால் பின்னங்காலை இலேசாகத் தொட்டால் போதும், அதுவாக நடந்து உள்ளே போகும். வாயால் ஊதி நகர்த்தாதீர்கள். நம் மூச்சு அதற்குப் பெரிய மிருகம் ஒன்று முகத்தருகே வந்து நிற்பது மாதிரி.

மண்ணை 14 செ.மீ.க்கு உயர்த்துங்கள். நார்த்தூள் மட்டும் போட்டால் உலர்ந்ததும் பொலபொலவென்று ஆகி வளை தூர்ந்துவிடும். பூச்சிமருந்து படாத தோட்டமண்ணைப் பாதிக்குப் பாதி கலந்து உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். ஒரு மூலையில் மரப்பட்டையைச் சாய்த்து வைத்து, அதன் அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சரிவாக ஒரு குழி. மிச்சத்தை அது தோண்டிக்கொள்ளும். கூர்மையான கல், அலங்காரப் பொம்மை எதுவும் வேண்டாம், விழுந்தால் அதன்மேல்தான் விழும்.

முக்கியமானது: பழைய டப்பாவை இன்னும் கழுவாமல் வைத்திருந்தால் அதிலிருந்த மரப்பட்டையையே எடுத்து இங்கே வையுங்கள். நூல் படிந்த பழைய மண்ணில் இரண்டு பிடியைக் குழியின் வாயில் தூவுங்கள். புது வீட்டுக்குப் போகும்போது பழைய வீட்டின் நிலைக்கதவைக் கழற்றி எடுத்துப்போவது போலத்தான்.

ஜூன் 5

இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் என்னிடம் இருந்தது சுருள்முடி டாரன்டுலா. மிகவும் சாதுவான இனம். மீன் வளர்க்கும் உயரமான கண்ணாடித் தொட்டியில் விட்டேன். பார்க்க அழகாக இருந்தது, அதனால் விட்டேன். மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தபோது பொத்தென்று ஒரு சத்தம். எழுந்து டார்ச் அடித்தால் மண்ணில் மல்லாந்து கிடந்தது. நல்லவேளை, கல் எதுவும் இல்லாத பக்கம். புரண்டு எழுந்து மூலைக்குப் போய் ஒடுங்கியது. விடியும்வரை வயிற்றுப்புறத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய பிழை. பயந்துபோய் மறுநாளே சின்ன டப்பாவுக்கு மாற்றினேன். அங்கேயும் சுவரில் நின்றது. இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு மண் போட்டேன். பிறகு இன்னொரு டப்பா. பத்து நாளில் நான்கு இடம். ஒவ்வொரு முறையும் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து, அங்குள்ள அரிக்கும் முடியான சுணையை உதறியது. கடைசியில் வயிற்றின் பின்பாதி வழுக்கையாகி வெளிறிய தோல் தெரிந்தது. இரண்டரை மாதம் எதையும் தொடவில்லை. அதற்குப் பிடித்த இடத்தைத் தேடித் தருகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அது ஓர் இடத்தைப் பிடித்தமாக்கிக்கொள்ள எடுக்கும் அவகாசத்தை நானே பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அதனால் உயரத்தைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகு மாற்றுவதற்கு எது தோன்றினாலும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

ஜூன் 8

மண் உயர்த்தியாகிவிட்டது, முதல் இரவே கீழே இறங்கியது, பழைய பட்டையின்மேல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் நிறைந்தது.

தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லி ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். செம்முழங்காலுக்கு வேண்டாம். தெளிப்பானின் விசிறல் படும்போது அதன் உடம்பிலுள்ள மயிரெல்லாம் ஒரே நேரத்தில் அலறும், ஓடி மறுபடி சுவரேறும். மேல்மண் நனைந்துவிட்டு அடிமண் காய்ந்தே கிடக்கும், நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. மறைவிடத்துக்கு எதிர்மூலையில் கண்ணாடியோரமாக அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள், அடிக்கு இறங்கிவிடும். அது தனக்கு வேண்டிய ஈரத்தைத் தானே தேடிப் போய்க்கொள்ளும்.

சூடேற்றும் விளக்கும் வேண்டாம். நாம் சும்மா உட்கார்ந்திருக்க இதமாக இருக்கும் அறை அதற்கும் போதும். விளக்கின்கீழ் அதன் உடம்பு நீரிழக்கும். நீரிழந்தால் என்ன ஆகும் என்று மேலே அழுத்தத்தைப் பற்றி எழுதியதிலேயே இருக்கிறது.

ஜூன் 9

இரண்டு வாரம் திறக்காதீர்கள் என்று முதல் நாள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு கிண்ணம் காய்ந்துபோயும் விட்டுவைத்திருக்கிறார் இன்னொருவர். என் வாக்கியத்தின் குறைதான் அது. தண்ணீர் எந்த நாளும் இருக்க வேண்டும். நீண்ட மூக்குள்ள பாட்டிலால் மூடியைச் சற்றே நகர்த்தி நிரப்பலாம். சாப்பாடில்லாமல் வளர்ந்த டாரன்டுலா மாதக்கணக்கில் இருக்கும். தண்ணீர் விஷயத்தில் அந்தத் தைரியம் வேண்டாம்.

ஜூன் 14

கிண்ணத்தை எடுக்கப் போய் மணிக்கட்டில் சுணை பட்டுவிட்டதா. தேய்க்காதீர்கள், தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுங்கள், இரண்டு மூன்று முறை. பிறகு குளிர்ந்த தண்ணீர். அரிப்பு சில நாள் இருக்கும். ஆனால் அந்தக் கையால் கண்ணைத் தொடவே கூடாது. சுணைக்கு முள் இருக்கிறது, கருவிழிக்குள் தைத்தால் தானாக வெளியே வராது. கண்ணில் பட்டால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், எதனுடைய முடி என்பதையும் சொல்லுங்கள்.

அது கோபத்தில் செய்ததில்லை. அமெரிக்கக் கண்டங்களின் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் காவலே இந்தச் சுணைதான், கடிப்பது கடைசி. சுணை உதறுகிறது என்றால் இன்னும் அமைதியாகவில்லை என்று பொருள். கிண்ணத்தை மூடி திறக்கும் பக்கத்துக்கு நகர்த்திவிடுங்கள், கை உள்ளே போகும் தூரமாவது குறையும்.

ஜூன் 15

மரத்தில் வாழும் பொசிலோதேரியா வைத்திருப்பவருக்கு: மேலே எழுதியதை அப்படியே பின்பற்றாதீர்கள். இந்தியா, இலங்கைக் காடுகளின் மரப்பொந்துகளில் வாழும் இனம் அது. அதற்கு உயரம் வேண்டும், நிமிர்த்தி வைத்த மரப்பட்டை வேண்டும், அதன் பின்னால் ஒடுங்க இடம் வேண்டும். சுணை கிடையாது. வேகம் உண்டு, கடித்தால் நாட்கணக்கில் தசைப்பிடிப்பு வரும் அளவுக்கு நஞ்சும் உண்டு. திறந்த டப்பாவும் பிரஷ்ஷும் வைத்துத் தனியாக முயலாதீர்கள். பழைய டப்பாவையே மூடி திறந்து புதுப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, அது தானாக இடம் மாறும்வரை காத்திருப்பது நல்லது. இந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, வாங்கியதற்கான தாள்கள் கையில் இருக்கட்டும்.

ஜூன் 20

பெயர் பற்றிய சண்டை வேறு நடக்கிறது. செம்முழங்காலின் அறிவியல் பெயர் ஸ்மித்தி என்கிறார் ஒருவர், ஹமோரி என்கிறார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. செம்முழங்கால் என்று விற்றதையெல்லாம் முன்பு பிராக்கிபெல்மா ஸ்மித்தி என்றே அழைத்தோம். 2017இல் வந்த ஆய்வு அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான், வளர்ப்பில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஹமோரி என்ற வேறு இனம் என்று தெரிந்தது. இரண்டுமே மெக்சிகோவின் பசிபிக் கரைப் பக்கத்தவை. ஹமோரி கொலிமா, ஹலிஸ்கோ, மிச்சோவகான் பகுதிகள். ஸ்மித்தி குவெர்ரெரோ. பெட்டியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே ஏற்பாடுதான்.

இந்த இழையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 16ஆம் எண் சிலந்தி நினைவுக்கு வருகிறது. டாரன்டுலா இல்லை, தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் பொறிக்கதவுச் சிலந்தி, வளையின் வாய்க்கு மூடி செய்துகொள்வது, நம் சிலந்திக்குத் தூரத்து உறவு. பார்பரா யார்க் மெய்ன் என்ற ஆய்வாளர் 1974இல் அங்கே ஆய்வைத் தொடங்கி, வளைக்கு வளை எண் குறித்து வைத்துப் பல்லாண்டு திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். 16ஆம் எண் வளையின் பெண் 43 வயது வரை இருந்தது. 2016இல் வளையின் மூடியில் குளவி துளைத்த அடையாளத்தோடுதான் அதன் மரணம் தெரிந்தது. முன்பிருந்த அதிக வயது மெக்சிகோ டாரன்டுலா ஒன்றினுடையது, 28.

நாற்பத்து மூன்று வருடம், ஒரே வளை. செம்முழங்கால் பெண்ணும் இருபது வருடத்துக்கு மேல் இருக்கக்கூடியது. காட்டில் விட்டால் அதுவும் ஒரு வளையைப் பிடித்து அதிலேயே காலம் தள்ளும். நாம் ஒரு சாயங்காலத்தில் பெட்டி மாற்றிவிட்டு நாலாம் நாள் முகம் பார்க்கிறோம்.

ஜூன் 22

மூன்று வாரம் ஆகியும் இரவெல்லாம் சுற்றிச் சுற்றி நடக்கிறது, பெட்டியில் குறையே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னங்கால்களின் உள்பக்கம் கொக்கி போல நீட்டிக்கொண்டிருக்கிறது. வாயருகே உள்ள உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போலப் புடைத்திருக்கிறது. உங்களுடையது பருவமெய்திய ஆண். அது பெண்ணைத் தேடி நடக்கிறது, எந்தப் பெட்டியிலும் அடங்காது. பெண்ணைப் போல நெடுங்காலம் இருக்காது, பெரும்பாலும் ஓராண்டு, சில சமயம் கொஞ்சம் கூட. தண்ணீரும், விழுந்தால் அடிபடாத தரையும் கொடுங்கள். நடக்கட்டும்.

நான் எழுதிய "பொறுமையாக இருங்கள்" இவருக்குப் பொருந்தாது. முதலில் காலைப் பாருங்கள், பிறகு பொறுமையாக இருங்கள் என்று திருத்திக்கொள்கிறேன்.

ஜூலை 2

"பட்டைக்கு அடியில் என்னவோ செய்கிறது."

அந்த ஒற்றை வரியை மூன்று முறை படித்தேன். என் சுருள்முடி கடைசியில் அடங்கிய இரவு எப்படி இருந்தது என்று சொல்கிறேன், உங்களுடையதும் இதைத்தான் செய்துகொண்டிருக்கும்.

குழிக்குள் தலைகீழாக இறங்கிப் பின்பக்கமாக வெளியே வந்தது. கோரைப்பற்களுக்கும் உணர்கால்களுக்கும் நடுவே ஒரு மண் உருண்டை, சுண்டைக்காய் பருமன். ஈரமண்ணை நூலால் பிணைத்து உருட்டியிருந்ததால் ஒரு துகள்கூட உதிரவில்லை. பெட்டியின் மறுகோடி வரை நடந்து அதைக் கிண்ணத்துக்குள் வைத்தது. திரும்பிப் போய் அடுத்த உருண்டை. நான் பார்த்தவரை பதினேழு. பிறகு வாசலில் நின்று வயிற்றை இடதும் வலதுமாக ஆட்டியது. வயிற்று நுனியில் விரல் போல நீண்ட இரண்டு உறுப்புகள் தரையை ஒற்றி ஒற்றி எடுக்க, நூல் ஒரு மெல்லிய பாயாகப் படிந்தது. முடித்துவிட்டு முன்னங்கால் இரண்டையும் அந்தப் பாயின்மேல் வைத்து அசையாமல் உட்கார்ந்தது. அதற்கு முன்னால் அப்படிக் கால் தளர்ந்து அது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இனிமேல் சில்வண்டு போட்டுப் பார்க்கலாம். ஒன்றே ஒன்று, அதன் வயிற்றைவிடச் சிறியதாக. மறுநாள் காலை அப்படியே இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஜூலை 9

வளையின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டதா. தோண்டாதீர்கள். தயவுசெய்து தோண்டாதீர்கள்.

செத்துப்போயிருக்குமோ என்ற பயம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் நீங்களே சொன்னதைப் பாருங்கள்: வயிறு பருத்திருந்தது, சுணை போன இடம் கறுத்திருந்தது, சில்வண்டைத் தொடவில்லை. சட்டை உரிக்கப் போகிறது. முதல் நாள் நீங்கள் கேட்ட சாப்பிடாத விஷயத்துக்கும் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம், அன்றே வயிற்றின் நிறத்தை நான் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் மல்லாந்து கிடக்கும், உடம்பு மெழுகு போல இருக்கும், சின்னச் சில்வண்டு கடித்தாலே உயிர் போகும். உள்ளே எதையும் போடாதீர்கள். எதிர்மூலையில் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தாதீர்கள், உரிக்கும்போது ஈரம் வேண்டும்.

வளை கண்ணாடியோரமாகப் போகிறது, ஒரு கால் தெரிகிறது என்கிறீர்களே, வெளிப்பக்கம் கறுப்புத் தாளை மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் திரைபோலத் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் அந்த மேசையில் இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

வெண்பூசணம் பற்றிக் கேட்டவருக்கு: மீந்த இரையை எடுத்துவிட்டுக் காற்றோட்டத்தைக் கூட்டினால் போய்விடும். பூசணத்தைத் தின்னும் ஸ்பிரிங்டெயில் என்ற சின்னப் பூச்சியை விட்டாலும் சரி.

ஆகஸ்ட் 12

வாசல் திறந்திருக்கிறது, வெளியே உரித்த சட்டை கிடக்கிறது!

அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீண்ட இடுக்கியால் எடுத்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். வயிற்றுப் பகுதி சுருங்கி ஒட்டியிருக்கும். இளகியதும் பிரஷ்ஷால் மெல்ல விரித்து, உள்பக்கம் மேலே பார்க்க வையுங்கள். நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும், அவை புத்தக நுரையீரல்கள், தாள் அடுக்கியது போன்ற மூச்சுறுப்புகள். கால்களுக்குப் பக்கமாக உள்ள இரண்டுக்கும் நடுவே சின்ன மடல் ஒன்று நிமிர்ந்து நின்றால் பெண். பளிச்சென்று வெளிச்சம் அடித்துப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 12, சற்றுப் பிறகு

படம் வந்தது. மடல் இருக்கிறது. பெண்தான்.

இன்று சில்வண்டு போடலாமா என்றால், வேண்டாம். கோரைப்பல் இப்போது வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், அதன்பின் கறுக்கும். கறுத்து இறுகும்வரை அதனால் எதையும் கடிக்க முடியாது. இரண்டு வாரம் போகட்டும், அப்போதும் பல்லின் நிறத்தைப் பார்த்துவிட்டே இரை. இன்றைக்குக் கிண்ணத்திலுள்ள மண்ணைக் கொட்டித் தண்ணீர் நிரப்பிவிட்டு மூடிவிடுங்கள்.